அந்தக் கம்பி சொன்ன கோள்

ஆரம்பித்தவன் திருமூர்த்திதான். இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எதிரே தெரிகிறதே பட்டறை, நீங்கள் இப்போது சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தீர்களே, அந்தப் பட்டறைக்காரன். என் மகள் கலாமணியின் வீட்டுக்காரன். எனக்கு மாப்பிள்ளை. நேரில் பார்த்தால் வாங்க போங்கதான், அந்த மரியாதையில் நான் குறை வைக்கமாட்டேன். இந்த பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் அவன்.

உட்காருங்கள். அந்த ஓரம் வேண்டாம், வெயில் வந்துவிடும். பங்குனி வெயில் இந்த வருசம் ஆளைத் தின்கிறது. ரங்கசாமி, இவருக்கு ஒரு டீ போடப்பா. சிரிக்கிறான் பாருங்கள். பட்டறைக்கு வண்டி விட வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் டீ குடிக்க வருவார்கள், எல்லாரிடமும் நான் சொல்லுவேன். அதனால் இவனுக்கு என் கதை மனப்பாடம். நடுவில் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக்கூடக் கொடுப்பான்.

உங்கள் வண்டிக்கு என்ன, மஞ்சள் லைட் எரிகிறதா? எரியும். ஒரு மிஷினைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகியிருப்பானே. சொருகினான் இல்லையா? என் வயிற்றெரிச்சலும் அந்த மிஷினில்தான் ஆரம்பம்.

என் பேர் நாச்சிமுத்து. கோமங்கலம் பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஸ்டீயரிங் பிடித்து ஒரு ஆயுசு ஆயிற்று. அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினேன். அந்த வண்டியில் காற்று போகிற இடத்தில் ஒரு சட்டி இருக்கும். அடியில் எண்ணெய் நிற்கும். உள்ளே வருகிற காற்று எண்ணெயில் பட்டுத் திரும்பிப் போகும், தூசி எல்லாம் எண்ணெயில் மாட்டிக்கொள்ளும். அழுக்கு எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினால் வேலை முடிந்தது. கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அந்த வண்டி ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. சரி, இரண்டொரு தடவை நிறுத்தியிருக்கிறது. அது வேறு கதை.

எங்கள் பக்கம் நீங்கள் வந்திருக்கிறீர்களா? முழுக்க நார் மில். தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்த பிறகு மிச்சம் ஒரு பொடி இருக்கும் பாருங்கள், அது பறக்கிற பறப்பு. காலையில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் போலீஸ்காரன் காக்கித் துணியாகத்தான் எடுப்போம். அந்தத் தூசிக்குள் வண்டி ஓட்ட வேண்டும்.

அம்பாசிடரை விற்ற பிறகு இந்தப் புது வண்டியை அவன்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தான். புதுசு என்றால் எனக்குப் புதுசு, வேறொருத்தர் ஓட்டியதுதான். நல்ல வண்டி. அவன் பார்த்து வாங்கியதால் சொல்லவில்லை, வண்டி நல்ல வண்டி. கொண்டுபோன முதல் வாரமே பானெட்டைத் தூக்கிக் காற்று போகிற டப்பாவைத் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது என்கிறீர்கள்? காகிதம். விசிறி மடிப்பு மடித்த வெறும் காகிதம். அதுதான் ஃபில்டராம். எங்கள் ஊர் நார்த்தூசியை ஒரு காகிதம் தடுக்குமா? நீங்களே சொல்லுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால்தானே தூசி ஒட்டும்.

அதனால் எண்ணெய் தடவினேன். எஞ்சின் ஆயில் நாற்றம் பிடிக்கும், பேத்தி ஏறுகிற வண்டி. நம் தோப்புத் தேங்காயை வெயிலில் காயவைத்து, செக்கில் ஆட்டிய எண்ணெய், அதைத்தான் தடவினேன். ஒரு பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு மடிப்புக்குள்ளேயும் விட்டு. நார்த்தூசி எங்கிருந்து வந்தது? தேங்காயிலிருந்து வந்தது. தாய் வீட்டு வாசனை அடித்தால் பிள்ளை வந்து ஒட்டிக்கொள்ளாதா? சிரிக்காதீர்கள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாசமும் வண்டி பூப்போல ஓடியது.

மார்கழியில்தான் கோளாறு. அதுவும் விடியற்காலையில் மட்டும். அந்த மாசம் எங்கள் ஊரில் பனி கொட்டும். பழனாத்தாள், என் வீட்டுக்காரி, தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்றால் பாட்டிலை அடுப்போரம் வைத்துவிட்டுக் காத்திருப்பாள், அப்படி ஒரு குளிர். அந்த நேரத்தில் வண்டியை எடுத்தால் இருமுகிறது, மேட்டைப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது, மஞ்சள் லைட் எரிகிறது. கோவிலுக்குப் போக வாடகைக்கு வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். பத்து மணிக்கு மேல் அதே வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். நான் பட்டறைக்குக் கொண்டுவருவது மத்தியானம். மத்தியானத்தில் என்ன தெரியும்?

மிஷினைச் சொருகினான். பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"மாமா, காத்தளக்கற சென்சார் காத்து கம்மின்னு சொல்லுதுங்க. ஃபில்டர்ல ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலீங்க மாப்பிள்ளை."

உடனே உங்கள் முகம் மாறுகிறதே. இருங்கள். ஏதாச்சும் போட்டீர்களா என்று ஒருத்தன் கேட்டால் என்ன கேட்கிறான்? கெடுதலாக ஏதாவது செய்தாயா என்று கேட்கிறான். நான் என்ன கெடுதலா செய்தேன்? வண்டிக்கு நல்லது செய்தேன். குழம்பில் ஏதாவது போட்டாயா என்று கேட்டால் எந்தப் பொம்பளையாவது உப்புப் போட்டேன் என்பாளா?

டப்பாவைத் திறந்து ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தான். "பிசுபிசுன்னு இருக்குதுங்களே மாமா."

"தேங்காமட்டைத் தூசிங்க. பிசுபிசுன்னுதான் இருக்கும்."

நம்பினான். மாமனார் சொன்னால் நம்பத்தானே வேண்டும். பழைய ஃபில்டரைத் தூர எறிந்துவிட்டுப் புதுசு போட்டான். சென்சாரைக் கழற்றி அதில் ஏதோ மருந்து அடித்துக் கழுவினான். இரண்டு மூன்று நாள் காலையில் வண்டி நன்றாக ஓடியது. அதற்குள் நான் புது ஃபில்டருக்கும் எண்ணெய் தடவிவிட்டேன். மறுபடியும் இருமல். மறுபடியும் பட்டறை. மறுபடியும் கழுவல். அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன், கோளாறு அவன் கழுவுகிற கழுவலில்தான் என்று. அவன் கழுவிக் கொடுத்த மூன்றாம் நாள் தவறாமல் வண்டி படுத்துக்கொள்கிறதே, வேறு என்ன அர்த்தம்?

மூன்றாம் தடவை போனபோது அது என்னதான் என்று கேட்டேன். சொல்லிக் கொடுத்தான். அதை மறைக்கமாட்டேன், பொறுமையாகத்தான் சொன்னான். கையில் வைத்துக் காட்டினான். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் சாமான், நடுவில் ஒரு ஓட்டை, அதற்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பி.

"வண்டி ஓடறப்ப இந்தக் கம்பி சூடா இருக்குமுங்க மாமா. ஃபில்டரைத் தாண்டி வர்ற காத்து இதுமேல படும். காத்துப் பட்டா கம்பி ஆறுமில்லீங்க? எவ்வளவு ஆறுதோ அதை வெச்சு எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுக்கும். அதுக்குத் தகுந்த பெட்ரோலை விடும். ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலு பதினஞ்சு பங்கு காத்து. அதுக்கு மேல கீழ போச்சுன்னா எஞ்சினுக்கு ஆகாதுங்க."

"அந்தக் கணக்கு தப்பாப் போச்சுன்னா?"

"அதைப் பாக்கறதுக்குப் பின்னாடி புகை போற குழாயில ஒண்ணு இருக்குதுங்க. எரிஞ்சு வர்ற புகையை மோந்து பாத்து, பெட்ரோல் ஜாஸ்தி, பெட்ரோல் பத்தலைன்னு சொல்லிரும். கம்ப்யூட்டர் உடனே கூட்டிக் குறைச்சு விடும்."

அப்போது மேலே கலாமணி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு மேலேதான் வீடு, அதோ அந்த நீலக் கம்பி போட்ட பால்கனி. தண்ணீர் சத்தம் கேட்டது. அவன் மேலே கையைக் காட்டினான்.

"இப்பப் பாப்பாவுக்குத் தண்ணி விளாவறா இல்லீங்க. சுடுதண்ணி எவ்வளவு, பச்சைத்தண்ணி எவ்வளவுன்னு கையை விட்டுத்தானே பாக்கறா? அந்தக் கைதானுங்க மாமா சென்சார். கையில துணியைச் சுத்திக்கிட்டுத் தண்ணியைத் தொட்டா சூடு தெரியுமா? உங்க வண்டியில அதேதான் நடக்குது. கம்பிமேல ஏதோ படிஞ்சிருக்குது. அதனால காத்து கம்மின்னு சொல்லுது, பெட்ரோல் கம்மியா வருது. பின்னாடி இருக்கறது பெட்ரோல் பத்தலைங்குது. ரெண்டும் ஒத்துப்போகலீன்னு லைட்டு எரியுது. என்ன படியுதுன்னுதான் எனக்குப் பிடிபடலீங்க."

எனக்கு எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் ஒருத்தன் காற்றை எண்ணுகிறான். பின்னால் ஒருத்தன் புகையை மோந்து பார்க்கிறான். நடுவில் ஒரு டப்பா இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு பெட்ரோல் ஊற்றுகிறது. என் வண்டிக்குள் எனக்குத் தெரியாமல் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். இதில் நான்காவதாக அந்த மிஷின் வந்து எல்லாவற்றையும் என் மாப்பிள்ளையிடம் சொல்லுகிறது. இப்படிப்பட்டதை எங்கள் ஊரில் கோள்சொல்லி என்போம், இவர்கள் சென்சார் என்கிறார்கள்.

"எண்ணெய் கிண்ணெய் பட்டிருக்குமாங்க மாமா?" என்று கடைசியில் கேட்டான்.

"எண்ணெய் எங்கிருந்து வருமுங்க மாப்பிள்ளை?" என்றேன். நானும் கேள்விதான் கேட்டேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவன் சென்சாரையே புதுசாக மாற்றிப் போட்டான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இனிமேல்தான் விசயம். பேத்தி மகிழினிக்குத் தை மாசம் மொட்டையடித்துக் காது குத்துவது என்று பேச்சு. காங்கேயம் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோவில். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், உங்களுக்குத் தெரியாததல்ல. கலாமணிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, ஒற்றைப் பிள்ளை. அவளே வந்து கேட்டாள்.

"அப்பா, பாப்பாவை நீங்கதான் மடியில வெச்சுக்கோணும்."

"அண்ணன் மகன் கிட்டுச்சாமி இருக்கறானே கண்ணு. முறைக்கு அவன்தானே மாமன்?"

"அவன் ஆரு? எனக்கு நீங்கதான் வேணும்."

அப்படிச் சொன்னவள் அவள். நான் கேட்டு வாங்கிக்கொண்ட மடி இல்லை அது. அவளாகக் கொடுத்தது. அன்றைக்கு இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. நான் தூக்கிச் சுமந்த மகள் தன் மகளை என் மடியில் வைக்கிறேன் என்கிறாள். புது வேட்டி எடுத்தேன். மடி வழுக்கக் கூடாது என்று பட்டு வேண்டாம், பருத்தியே போதும் என்று எடுத்தேன்.

வண்டியும் என் வண்டிதான் என்று சொல்லிவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் கழுவினேன். குழந்தை போகிற வண்டி, வழியெல்லாம் நார் மில், தூசி உள்ளே வரக்கூடாது. ஃபில்டரை எடுத்து எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே தடவினேன். பழனாத்தாள் வந்து, "ஏனுங்க, பாட்டில்ல எண்ணெயே இல்லியே, தலைக்குத் தேச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். பேத்திக்காகத்தான் தடவினேன். இதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

விடியற்காலை கிளம்பினோம். முன்னால் எனக்குப் பக்கத்தில் சம்பந்தி. பின்னால் சம்பந்தியம்மா, பழனாத்தாள், குழந்தையை வைத்துக்கொண்டு கலாமணி. சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஒரு ஜீப். கிட்டுச்சாமி ஓட்டினான், திருமூர்த்தி அதில் வந்தான். பனி என்றால் பனி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே வண்டி முனகிக்கொண்டுதான் வந்தது. தாராபுரம் ரோட்டில் ஒரு மேடு. அதில் ஏறுகிறபோது நாலு குதி குதித்து நின்றுவிட்டது.

திருமூர்த்தி இறங்கி வந்தான். பானெட்டைத் தூக்கினான். ஃபில்டர் டப்பாவின் கிளிப்பைத் தட்டினான். நான் கிட்டே போவதற்குள் கையில் எடுத்துவிட்டான்.

வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. மடிப்புத் தெரியவில்லை. காலையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தால் எப்படி விழாமல் நிற்கும், அப்படி.

அவன் சாவியால் ஒரு சுரண்டு சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு எல்லாரும் பார்க்கும்படி அதைத் தூக்கிப் பிடித்தான். "மாமா, இது என்னங்க?"

சம்பந்தி இறங்கி வந்து பார்த்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க சம்பந்தி, வண்டிக்கும் சனிக்கிழமை எண்ணெய்க்குளியல் உண்டுங்களா? சீயக்காய் போட்டீங்களா இல்லீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கிட்டுச்சாமி ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பழனாத்தாளும்தான். என் கலாமணியும்தான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல் திருமூர்த்தி சொன்னான்.

"நான் எத்தனை வாட்டி கேட்டேனுங்க மாமா? ஒண்ணும் போடலீன்னு சொன்னீங்களே. பொய் சொல்லிட்டீங்களே."

பொய். சம்பந்தி நிற்கிறார், சம்பந்தியம்மா நிற்கிறாள், என் மகள் நிற்கிறாள். நடுரோட்டில் வைத்து, கையில் அந்த எண்ணெய் ஃபில்டரோடு, பொய் என்றான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான் என்று கலாமணி இன்றைக்கும் சொல்லுகிறாள். சிரித்துக்கொண்டு சொன்னால் அது பொய் இல்லையா, மெய்யாகிவிடுமா?

இன்னொன்றையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுவீர்கள். "இதைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டுட்டு, ஃபில்டர் இல்லாமயே ஓட்டிரலாமுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. ஏறுங்க, நேரமாச்சு" என்றான். நான் அந்த ஃபில்டரை அவன் கையிலிருந்து வாங்கினேன். டப்பாவில் வைத்தேன். கிளிப்பை மாட்டினேன். பானெட்டைச் சாத்தினேன்.

"ஃபில்டர் இல்லாம என் வண்டி ஓடாது" என்றேன்.

"அதை வெச்சாத்தானுங்க மாமா ஓடாது."

"அப்ப நிக்கட்டும்."

கலாமணி வந்து கையைப் பிடித்தாள். "அப்பா, ஜீப்புல வாங்கப்பா. நல்ல நேரம் போயிருமுங்க. பாப்பாவை ஆரு மடியில வெக்கறது?"

"உன்ற வீட்டுக்காரரைச் சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்லு, வர்றேன்."

"அப்பா, இதுக்குப் போயி..."

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாட்ச்சைப் பார்த்தான். எல்லாரும் ஜீப்பில் நெருக்கி ஏறினார்கள். பழனாத்தாள் ஒரு காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். எப்படியும் மேட்டைத் தாண்டியதும் நிறுத்துவான், வந்து கூப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜீப்பின் சிவப்பு விளக்கு பனிக்குள் போயிற்று. அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். புது வேட்டி. மடியில் ஒன்றும் இல்லை. வெயில் வந்தது. பானெட்டில் கை வைத்தால் சுட்டது. சும்மா சாவியைத் திருகிப் பார்த்தேன், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. எந்த ஃபில்டரைத் தூக்கி எறியச் சொன்னானோ அதே ஃபில்டரோடு, யாரும் தொடாமல், தானாக ஸ்டார்ட் ஆயிற்று. இப்போது சொல்லுங்கள், தப்பு என் எண்ணெயிலா?

இல்லை, நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. வெயிலில் எண்ணெய் இளகிவிட்டது என்பீர்கள். அவனும் அதைத்தான் சொல்லுகிறான். ரங்கசாமியும் அதைத்தான் சொல்லுகிறான். இளகட்டுமே. இளகினால் ஓடுகிறது என்றால் தப்பு பனியிலா, எண்ணெயிலா?

கோவிலுக்கு அப்போதே போயிருந்தால் காது குத்துவதற்குச் சேர்ந்திருக்கலாம். அவர்கள் எனக்காக ரொம்ப நேரம் காத்திருந்தார்களாம், பிறகு தெரிந்தது. ஆனால் நான் எப்படிப் போவது? போனால் அவன் சொன்ன வார்த்தையை நான் ஒத்துக்கொண்டதாக ஆகாதா? வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். குழந்தையைக் கிட்டுச்சாமி மடியில் வைத்துக் குத்தினார்கள். சிரித்தானே, அவன் மடியில்.

அன்றிலிருந்து நான் அந்த மாடிப்படி ஏறவில்லை. பழனாத்தாள் போகிறாள், வருகிறாள், அவளை நான் தடுக்கவில்லை. நான் தினமும் வண்டியைக் கொண்டுவந்து இந்தப் புளியமரத்தடியில் நிறுத்துவேன், இந்த பெஞ்சில் உட்காருவேன். அதோ நிற்கிறதே, அதுதான் வண்டி. இப்போது போய்ப் பாருங்கள், எண்ணெய் தடவிய ஃபில்டர்தான் இருக்கிறது. பங்குனி பிறந்து விட்டது, ஒரு நாள் நின்றதா? மஞ்சள் லைட் எரிகிறது, எரியட்டும். பழனாத்தாளின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். பெட்ரோல் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் குடிக்கிறது. வயசாகிற வண்டி குடிக்கத்தான் செய்யும்.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டான். மாசி மாசம் ஊருக்கே வந்தான். "தெரியாமச் சொல்லிட்டனுங்க மாமா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று காலைத் தொட்டான். வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால், பழனாத்தாள் மட்டும் பார்க்க. அது எப்படிச் சரியாகும்? சொன்னது எங்கே? தாராபுரம் ரோட்டில், அந்த மேட்டில். யார் முன்னால்? அத்தனை பேர் முன்னால். அதே மேட்டுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டுவந்து, "எங்க மாமா பொய் சொல்லலீங்க" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். நான் அதைத்தான் கேட்டேன்.

"மாமா, நீங்க எண்ணெய் போட்டது நிசமுங்க. போடலீன்னு சொன்னதும் நிசமுங்க. நான் எப்படிங்க அப்படிச் சொல்றது? வேற என்ன சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

பார்த்தீர்களா? அந்த ஒன்றைத் தவிர எல்லாம் சொல்லுவானாம். அந்தக் கம்பியோடு பழகிப் பழகி இவனும் அப்படியே ஆகிவிட்டான். ஒரு இம்மி கூட்டிக் குறைக்கமாட்டேன் என்கிறான். சொந்தத்தில் அப்படி அளந்தால் முடியுமா?

உங்களைக் கை காட்டிக் கூப்பிடுகிறான் பாருங்கள். வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது. வேலையில் சுத்தம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நிமிசம் இருங்கள், அந்தப் படியில் இறங்கி வருகிறாளே, அவள்தான் கலாமணி. விரலைப் பிடித்துக்கொண்டு வருகிறதே, அதுதான் மகிழினி. நடந்தே இறங்குகிறது. போன வாரம் தூக்கிக்கொண்டுதான் இறங்கினாள். மொட்டையில் முடி வந்துவிட்டது, இங்கிருந்தே கறுப்பாகத் தெரிகிறது இல்லையா? கலாமணி இந்தப் பக்கம் கையைக் காட்டிக் குழந்தையிடம் ஏதோ சொல்லுகிறாள். இவன் சொல்லி அனுப்பியிருப்பான். நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காத மாதிரியே எழுந்து போங்கள்.

ஒரு உதவி மட்டும். குத்தின காதில் இடது பக்கம் புண் வைத்துவிட்டது, தோடு போட முடியவில்லை, குழந்தை தொட்டாலே அழுகிறது என்று பழனாத்தாள் சொன்னாள். கிட்டுச்சாமி ஒழுங்காகப் பிடித்திருக்கமாட்டான், குழந்தை தலையை ஆட்டியிருக்கும். நான் என்றால் தாடையோடு சேர்த்து ஒரு கை, நெற்றியில் ஒரு கை வைத்து அசையாமல் பிடித்திருப்பேன். நீங்கள் சாவி வாங்கும்போது அது பக்கத்தில்தான் நிற்கும். இடது காது. ஆறிவிட்டதா, இன்னும் சிவந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் கேட்டேன் என்று அங்கே சொல்ல வேண்டாம். போகும்போது இந்த ஓரமாக ஒரு நிமிசம் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நானே போய்ப் பார்க்கலாம்தான். ரோட்டைத் தாண்டினால் போதும். ஆனால் அவன் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறான். அதை வாங்காமல் நான் எப்படித் தாண்டுவது?

இடது காது. மறந்துவிடாதீர்கள்.